பதினொரு நிமிட மருத்துவர்

மேடையில் வீற்றிருக்கும் நம் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, மறைந்த டாக்டரின் மாணவரும் இனி அவருடைய நாற்காலியில் அமரப்போகிறவருமான டாக்டர் அப்சர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் டாக்டரின் துணைவியார் பிரகதீஸ்வரி அம்மா அவர்களே, சக மருத்துவர்களே, செவிலியர்களே, தஞ்சைப் பெருமக்களே, கடைசி வரிசையில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் நன்னிலத்துப் பத்துப் பேரே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் மங்களாம்பிகை. கேத் லேபின் தலைமைச் செவிலியர். கையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் அறைக்குத்தான் கேத் லேப் என்று பெயர். அந்த அறையில் ஆறு ஆண்டுகள் டாக்டர் பஞ்சநதம் அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றவள் நான். படிப்பதற்கு ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஆபீஸில் டைப் அடித்தது. நல்ல தமிழ். அதை மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் வேண்டியவர்கள் வாங்கிப் படித்துக்கொள்ளலாம்.

சற்று முன்பு எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். இரண்டு நிமிடம் என்று அறிவித்தார்கள். இருபத்தெட்டு வருடமாக நாடி பார்த்த பழக்கம், எனக்குக் கை தானாகக் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. ஒரு நிமிடம் பத்து வினாடியில் தலைவர் அவர்கள் "நன்றி, அமரலாம்" என்று சொல்லிவிட்டார். அதற்குள் நான்கு பேர் இருமினார்கள், ஒருவர் செல்போனை எடுத்துப் பார்த்தார். குறை சொல்லவில்லை. டாக்டர் இருந்திருந்தால் அதற்கும் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். நிற்கும் நேரத்தை அவர் எந்நாளும் வீண் என்றுதான் சொன்னார். அந்த நிற்கும் நேரத்தைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் அவர் பெருமையைச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

2003-க்கு முன்னால் இந்த ஊரில் நெஞ்சு வலி என்றால் என்ன செய்தோம்? திருச்சிக்கு ஓடினோம், சென்னைக்கு ஓடினோம். பாதி பேர் வழியிலேயே போனார்கள். ஆஞ்சியோ செய்யக் கிடைத்தவர்களுக்கும் தொடை வழியாகத்தான் குழாய் விடுவார்கள். பிறகு தொடையில் மணல் மூட்டையை வைத்து, காலை அசைக்காமல் இரவு பகலாக மல்லாந்து படுக்க வேண்டும். பெண்கள் கூசிப் போவார்கள். முதுகு வலி வேறு. டாக்டர் பஞ்சநதம் அவர்கள் வந்தார். தொடை வேண்டாம், மணிக்கட்டு போதும் என்றார். காலையில் வந்த நோயாளி மத்தியானம் தன் கையாலேயே சாப்பிட்டுவிட்டு, நடந்து போய் டவுன் பஸ் ஏறினார். இதை இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது யார்? டாக்டர் பஞ்சநதம். தீபாவளி அன்றைக்குத் தலையில் எண்ணெயோடு ஓடிவந்து ஓர் உயிரைக் காப்பாற்றியது யார்? டாக்டர் பஞ்சநதம். அந்தக் கைக்கு ஈடான கையை நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்களுக்கு அவர் தெய்வம். ஒரு மாத லீவில் வருவார்கள். வீட்டுக்குக் கான்கிரீட் போட வேண்டும், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும், அதற்கு நடுவே நெஞ்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும். படுத்துக் கிடக்க யாருக்கு நேரம்? முத்துப்பேட்டையிலிருந்து, அதிராம்பட்டினத்திலிருந்து கார் பிடித்து வருவார்கள். ஊசி குத்தியதிலிருந்து குழாயை உருவும் வரைக்கும் பதினொரு நிமிடம். பதினொரு நிமிடப் பஞ்சநதம் என்று சென்னை மாநாட்டிலேயே பெயர் வாங்கினார். அந்தப் பெயர் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

பதினொரு நிமிடம் எப்படி வந்தது?

மணிக்கட்டில் குத்தும் முன்பு அந்த இடம் மரத்துப்போக ஓர் ஊசி போடுவோம். எல்லா ஊரிலும் போடுவார்கள். டாக்டரும் போட்டார். போடவில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த ஊசி போட்டால் இடம் மரக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடம் அவர் நின்றதே இல்லை. மரப்பு ஊசியை உருவிய கை, அடுத்த மூச்சில் பெரிய ஊசியை என்னிடம் கேட்கும். நான் கொடுப்பேன். மருந்து தோலுக்கடியில் உருண்டையாக நிற்கும்போதே குழாய் உள்ளே போய்விடும். மரப்பு எப்போது வந்தது? எல்லாம் முடிந்து, கட்டுப் போட்டு, வார்டுக்குப் போகும் வழியில் வந்தது. அந்த மருந்தின் பலனை முழுக்க அனுபவித்தது எங்கள் ஸ்ட்ரெச்சர்தான்.

ஒரு முறை கேட்டேன். "டாக்டர், ஒரு ரெண்டு நிமிஷம் நின்னுட்டுக் குத்தலாமா?"

"அதுவும் குத்துறதுதான், இதுவும் குத்துறதுதான் சிஸ்டர். ஒரே வலியா முடிச்சுட்டா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி" என்றார்.

லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

இந்த நேரத்தில் என் வேலை என்ன தெரியுமா? கையைப் பிடிப்பது. நோயாளியின் கையை மல்லாத்தி, மணிக்கட்டுக்கு அடியில் சுருட்டிய டவலை வைத்து, விரல்களைப் பலகையோடு சேர்த்து பிளாஸ்திரி போட்டு, முழங்கைக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திப் பிடிப்பேன். குத்தும்போது கை துள்ளும். துள்ளினால் தவறிவிடும். அதனால் பலமாகப் பிடிப்பேன். எத்தனை கை? மூவாயிரத்துக்கு மேல் இருக்கும். நாற்று பிடுங்கிய கை, வலை இழுத்த கை, பாத்திரம் தேய்த்த கை. எல்லாமே துள்ளின. துள்ளாத கை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

குத்தியதும் டாக்டர் உரக்கக் கேட்பார். "வலிக்குதா?"

"இல்லீங்க டாக்டர்" என்பார்கள்.

எல்லோரும் சொன்னார்கள். ஆண், பெண், இந்து, முஸ்லிம், நிலம் வைத்திருப்பவர், குத்தகைக்காரர், கூலிக்காரர், எல்லோரும் ஒரே பதில்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் மாவட்டத்தில் எந்தப் பிரிவினையும் கிடையாது. ஏன் அப்படிச் சொன்னார்கள்? விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பு இல்லை என்று நாம் சொல்லுவோமா? அதே மரியாதைதான். படித்தவர், நமக்காக எக்ஸ்ரே படாத கனமான கவச உடை மாட்டிக்கொண்டு நிற்கிறார், வலிக்கிறது என்று சொன்னால் அவர் மனம் நோகும். மனம் நொந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் குழாய் எங்கே போகுமோ. இப்படியெல்லாம் யோசித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மேலே விளக்கைப் பார்த்து "இல்லீங்க" என்பார்கள்.

பிறகு மணிக்கட்டில் போட்ட கட்டைத் தளர்த்த நான் வார்டுக்குப் போவேன். அங்கே டாக்டர் இல்லை. அங்கே உண்மை வரும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே விட்ட மாதிரி இருந்தது என்று ஓர் அம்மா சொன்னார். நாலு பிள்ளை பெற்றவர் அவர். பூம்புகாரிலிருந்து வந்த ஒரு மீனவர், திருக்கை முள் குத்தியதுகூட இப்படி இல்லை என்றார். சொல்லிவிட்டு உடனே, "டாக்டருகிட்ட சொல்லிடாதீங்க தாயி" என்பார்கள்.

நான் சொன்னேன். ஆறு வருடத்தில் ஒரே ஒரு தடவை சொன்னேன். டாக்டர் அப்போது ஓர் ஆய்வு எழுதிக்கொண்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள், அவரே குத்தி, அவரே கேட்டு, அவரே எழுதியது. வலி உண்டா என்ற கட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் இல்லை. நான் போய், "டாக்டர், வார்டுல எங்கிட்ட வேற மாதிரி சொல்றாங்க" என்றேன்.

அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. "சிஸ்டர், உங்ககிட்ட சொல்றது கதை. என்கிட்ட சொல்றது டேட்டா" என்றார்.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இது திரும்பத் தேவைப்படும்.

உண்மையில் அந்த ஆய்வுக்காக அவர் குத்தியது இருநூற்றுப் பதின்மூன்று பேரை. ஒருவரை எடுத்துவிட்டார். அவர் பெயர் முகம்மது யூசுப். முத்துப்பேட்டைக்காரர், சவூதியில் தம்மாம் என்ற ஊரில் டிரைவர். லீவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்து இங்கே வந்தார். ஏற்கெனவே அந்த ஊரில் ஒரு தடவை இதே மணிக்கட்டு வழியில் பார்த்துக்கொண்டவர். வரும்போதே சட்டைப் பையில் ஒரு ட்யூப் வைத்திருந்தார். என்னிடம் நீட்டி, "சிஸ்டர், இத மணிக்கட்டுல பூசி ஒரு மணி நேரம் பிளாஸ்திரி போட்டு வச்சாங்க அங்க. அப்புறம் இன்சுலின் ஊசி மாதிரி ஒண்ணு. அது போட்டுட்டு ஒரு நர்சம்மா கடியாரத்தப் பாத்துக்கிட்டே நின்னாங்க. எப்ப குத்துனாங்கன்னே தெரியல, தூங்கிட்டேன்" என்றார்.

அவர் பேசியதில் புதிய மருந்து ஏதாவது இருக்கிறதா? களிம்பு நம் பார்மசியிலேயே வாங்கலாம். இன்சுலின் ஊசி எல்லா வார்டிலும் கிடக்கிறது. மரப்பு மருந்து அதேதான். அவரைத் தூங்க வைத்த மருந்தும் நம் அலமாரியில் மூன்றாவது தட்டில் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது கடியாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நர்சம்மா மட்டும்தான். நம் லேபில் பழகிக்கொண்டு குவைத்துக்கும் ரியாத்துக்கும் போன ஒன்பது பெண்கள் அங்கே அப்படித்தான் நிற்கிறார்கள். போனில் சொல்லிச் சிரிப்பார்கள்.

நான் அந்த ட்யூபை வாங்கி என் மேஜை இழுப்பறையில் போட்டேன். யூசுப்பைப் படுக்க வைத்து, விரலுக்குப் பிளாஸ்திரி போட்டு, கையைப் பிடித்தேன். டாக்டர் குத்தினார். வழக்கம்போல் "வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது டாக்டர். தாங்கல. நிறுத்துங்க" என்றார் யூசுப்.

லேபே திகைத்துப் போயிற்று. அந்த அறையில் அப்படி ஒரு பதிலை நாங்கள் கேட்டதே இல்லை. டாக்டருக்கு முகம் கறுத்துவிட்டது. "ரியால்ல சம்பாதிச்சா உடம்பு சொகுசாயிடும்போல" என்று சொல்லிவிட்டு மேலே தள்ளினார். வலியில் ரத்தக்குழாய் இறுகிக்கொள்ளும். இது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும், டாக்டருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். யூசுப்பின் ரத்தக்குழாய் இறுகிப் பிடித்துக்கொண்டது. குழாய்க்கு வழிகாட்ட உள்ளே விட்ட கம்பி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. கடைசியில் தொடை வழி. மணல் மூட்டை. தொடையில் ரத்தம் கட்டி, பதினாறு நாள் படுக்கை. விசா தேதி தாண்டிவிட்டது. தம்மாமில் அவர் ஓட்டிய வண்டியை வேறு யாரோ ஓட்டுகிறார்கள். அவர் இப்போது முத்துப்பேட்டையில் தம்பியின் கடையில் பொட்டலம் கட்டுகிறார்.

ஆய்வில் அவர் பெயருக்கு நேராக டாக்டர் எழுதியது ஒரே சொல்: ஒத்துழைக்காதவர். கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். நூற்றுக்கு நூறு பேருக்கு வலி இல்லை என்று மாநாட்டில் படித்தார். கேடயம் கொடுத்தார்கள். அதோ மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதுதான்.

தலைவர் அவர்கள் ஒரு சீட்டு அனுப்பியிருக்கிறார். சுருக்கமாக முடிக்கவும் என்று எழுதியிருக்கிறது. முடித்துவிடுகிறேன் ஐயா. டாக்டரையே முடித்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம்.

பிரகதீஸ்வரி அம்மா, இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். வெளியே போக வேண்டுமானால் போய் வாருங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இருக்கிறீர்களா? சரி.

பதினெட்டு நாளுக்கு முன்பு, செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டே காலுக்கு, புறநோயாளி ஒருவரின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்திருந்தபோது டாக்டருக்கு நெஞ்சு வலி வந்தது. பெரிய மாரடைப்பு. ஏழு நிமிடத்தில் லேபுக்குக் கொண்டுவந்தோம். அவர் ஆறு வருடம் நின்ற இடத்தில் டாக்டர் அப்சர் நின்றார். என் இடத்தில் நான் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தலைவர், நிர்வாகிகள், பாதி மருத்துவமனை. மேஜையில் அவர்.

நான் டவலைச் சுருட்டி அவர் மணிக்கட்டுக்கு அடியில் வைத்தேன். விரலுக்குப் பிளாஸ்திரி போட்டேன். கையைப் பிடித்தேன். டாக்டர் அப்சர் மரப்பு ஊசி போட்டார், அடுத்த மூச்சில் என்னிடம் பெரிய ஊசி கேட்டார். நான் கொடுத்தேன். டாக்டர் அப்சர் அவர்களே, தலையைக் குனியாதீர்கள். நீங்கள் கற்றதை ஒரு வினாடி கூட்டாமல் குறைக்காமல் செய்தீர்கள். உங்கள் குரு உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காத ஒன்றை நீங்கள் எங்கே போய்க் கற்பீர்கள்?

அவர் கை துள்ளியது. மூவாயிரம் கை துள்ளிய அதே துள்ளல். நான் பலமாகப் பிடித்தேன். கொஞ்சம் கூடுதல் பலமாகவே பிடித்தேன். முதல் குத்தில் கிடைக்கவில்லை. இரண்டாவதில் கிடைத்தது, கம்பி பாதியில் நின்றது. ரத்தக்குழாய் இறுகிவிட்டது. அவருடைய கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. யாரும் கேட்காததால் நான் கேட்டேன். அவருடைய குரலில், அவர் கேட்கும் அதே உரத்த குரலில் கேட்டேன்.

"வலிக்குதா?"

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைப் பார்த்தார். மேலே விளக்கைப் பார்த்தார்.

"இல்ல சிஸ்டர்" என்றார்.

பிறகு தொடை வழியாகப் போனோம். மாரடைப்பில் மூன்று நிமிடம்கூடப் பெரிது, மரக்கும் வரை எப்படி நிற்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த மூன்று நிமிடத்தை மிச்சம் பிடித்ததில் எங்களுக்குச் செலவானது பத்தொன்பது நிமிடம். அந்தப் பத்தொன்பது நிமிடம்தான் அவரைக் கொன்றதா? தெரியாது. அதைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆளின் படத்துக்குத்தான் மாலை போட்டிருக்கிறோம். படிவத்தில் வலி என்ற கட்டத்தில் நான் இல்லை என்று எழுதினேன். அவரே சொன்னது அல்லவா? டேட்டா.

மறுநாள் காலை ஐசியுவில் கட்டைத் தளர்த்தப் போனேன். அவர் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. மெல்லிய குரலில், "சிஸ்டர்... உயிரே போயிடுச்சு சிஸ்டர். இப்படியா வலிக்கும்?" என்றார்.

எல்லோரும் சொன்னதுதான். எல்லோரும் வார்டில்தான் சொன்னார்கள், என்னிடம்தான் சொன்னார்கள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆமாம் டாக்டர் என்றிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் அந்தக் கையைத் தடவிக் கொடுத்திருக்கலாம். ஒரு நல்ல செவிலியர் அதைத்தான் செய்வார். நான் கட்டைத் தளர்த்திக்கொண்டே, "என்கிட்ட சொல்றது கதை டாக்டர்" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மாலை நாலரைக்கு இறந்துபோனார். டாக்டர் பஞ்சநதம் அவர்களிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கிடைக்கும் என்று நினைத்துக் கேட்கவில்லை. பதினெட்டு நாளாக எனக்கு உறக்கம் இல்லை, அதனால் வந்த கோபத்தில்தான் இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நாளைய விஷயத்துக்கு வருகிறேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு, டாக்டரின் நினைவாக, நன்னிலம் பக்கத்திலிருந்து வந்திருக்கும் பத்துப் பேருக்கு இலவச ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியில், டாக்டர் பஞ்சநதம் முறையில். ஆமாம், முறைக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். வலியில்லா மணிக்கட்டு மையம் என்று பலகையும் எழுதியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் என்று பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் நிற்கும் நேரம் கிடையாது.

திங்கட்கிழமை நான் தலைவர் அவர்களின் அறைக்குப் போனேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மரப்பு ஊசி போட்டபின் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேருங்கள். களிம்பு வேண்டாம், தூக்க மருந்து வேண்டாம், தம்மாம் வேண்டாம். மூன்று நிமிடம் போதும் என்றேன். தலைவர் அவர்கள் பொறுமையாகக் கேட்டார். ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். "நோயாளி யாராவது ஒருத்தர் கேட்டா மாத்திடலாம் சிஸ்டர். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடக் கேக்கலையே" என்றீர்கள். சரிதானே? தலையாட்டுகிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், தலையாட்டுகிறார்.

அப்படியானால் ஒருவர் கேட்டால் போதும். இந்த மண்டபத்தில், இந்த மைக்கில், இத்தனை பேர் முன்னால், நாளைக்குக் குத்துப்படப் போகிறவர்களில் ஒரே ஒருவர் கேட்டால் போதும். அதற்காகத்தான் நான் இவ்வளவு நேரம் பேசினேன். செத்தவரைத் திட்ட வேண்டும் என்று எனக்கு என்ன ஆசை? அவரும் பாவம், என்னைப் போலத்தான்.

கடைசி வரிசையில் இருப்பவர்களே, கொஞ்சம் நிமிர்ந்து என்னைப் பாருங்கள். நான் சொன்னதெல்லாம் கேட்டீர்கள். நாளைக்கு உங்கள் கையில் குத்துவார்கள். உடனே குத்தினால் வலிக்கும். வலித்தால் ரத்தக்குழாய் இறுகலாம், இறுகினால் என்ன ஆகும் என்றும் கேட்டீர்கள். மூன்று நிமிடம் பொறுத்துக் குத்தினால் இவ்வளவும் வேண்டாம். எழுந்து நின்று, எங்களுக்கு அந்த மூன்று நிமிடம் வேண்டும் என்று ஒருவர் சொல்லுங்கள். தலைவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். யாரும் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், யாரையும் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டார்கள்.

யாராவது ஒருவர்.

காத்திருக்கிறேன். எனக்கு நிற்கத் தெரியும்.

அதோ, வெள்ளைத் துண்டு போட்டவர் எழுந்திருக்கிறார். உட்கார்ந்துவிடாதீர்கள் ஐயா. உங்கள் பெயர்? பக்கிரி. பக்கிரி ஐயா எழுந்து நிற்கிறார், எல்லோரும் பாருங்கள். கையைக் கட்டாதீர்கள் ஐயா, துண்டைத் தோளிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மைக் அங்கே வராது. நீங்கள் சொல்லுங்கள், நான் திருப்பி இந்த மைக்கில் சொல்கிறேன்.

என்ன சொல்கிறார் என்றால், "நடவுக்கு ஆளு சொல்லிட்டு வந்திருக்கேங்க."

சரி ஐயா, சொல்லுங்கள்.

"சுருக்கா முடிஞ்சாப் போதுங்க. நமக்காவ டாக்டருங்க மூணு நிமிசம் கால் கடுக்க நிக்கணுமா? வேணாங்கம்மா. அதெல்லாம் வலிக்காதுங்க."

கைதட்டுகிறீர்கள். மண்டபமே கைதட்டுகிறது. மௌன அஞ்சலியை விட இது நீளம்.

டாக்டர் பஞ்சநதம் அவர்களே, உங்கள் பணி நிற்கவில்லை. வலி இல்லை என்று சொன்ன உங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரோடு நீங்கள் சேர்ந்தீர்கள், உங்களுக்குப் பின்னால் இந்தப் பத்துப் பேர் வருகிறார்கள். அந்தப் பணியை நாங்கள் குறைவில்லாமல் தொடர்வோம் என்று இந்த அவையின் சார்பில் உறுதி கூறுகிறேன்.

பக்கிரி ஐயா, உட்காருங்கள். நாளைக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள். முதல் ஆள் நீங்கள்தான். கையை நான் பிடித்துக்கொள்கிறேன்.